ஒன்பது அங்குலம்

சுனாமி வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டின் முன்கதவு, யுத்தம் முடிந்த வருடமே உளுத்துப்போனது. உதுமாலெவ்வை புதுக்கதவும் நிலையும் செய்வித்தார். மரவேலை செய்யும் ஓடாவி ஆதம்பாவா நிலையை வாசலில் வைத்துப் பார்த்தபோது, அது உட்பக்கம் மூன்று அங்குலம் நீட்டிக்கொண்டு நின்றது.

"சுவர் ஆறு இஞ்சிதான் காக்கா. ஒம்பதெண்டு ஆரு சொன்ன?"

"நான்தான். அப்படியே போடுங்க தம்பி. பூட்டு மட்டும் வேணாம்."

ஒன்பது, கடல் கொண்டுபோன பழைய வீட்டுச் சுவரின் அளவு. கடல் வந்த அன்று காலை, காய்ச்சலில் கிடந்த தாயில்லா மகள் அஸ்மிலாவை உள்ளே விட்டு, வெளியே பூட்டிக்கொண்டுதான் அவர் சந்தைக்குப் போனார். பூட்டியதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்தச் சாவி இன்னும் மடியில்தான் இருக்கிறது.

கதவை மாட்டிவிட்டு, இருவரும் அஸர் தொழுது திரும்பினார்கள். திறந்து விட்டுப்போன கதவு சாத்தியிருந்தது. தள்ளினால் அசையவில்லை. ஆதம்பாவா ஜன்னலால் எட்டிப் பார்த்தார்.

"காக்கா, உள்ளுக்குச் சுவர் ஒம்பது இஞ்சியாகி நிலையோட சமனா நிக்குது. ஒரு நூல்கூட வித்தியாசமில்ல."

உதுமாலெவ்வை வாசலில் குந்தினார். மடியிலிருந்த சாவியை எடுத்துக் கதவின் அடியால் தள்ளினார்.

பாதிதான் தள்ளினார். மீதியை உள்ளேயிருந்து சின்ன விரல்கள் இழுத்துக்கொண்டன.