துபாஷி சொல்லாமல் விட்டது

“பல்லு போனா அழகு போயிடும்னு பயமா ராஜம்மா? இந்த வயசுல யாருக்குக் காட்டப் போற?”

துபாஷி கண்ணப்பன் கேட்டதும், கோட்டை வைத்தியசாலை வாசலில் காத்திருந்த கூட்டம் கொல்லென்று சிரித்தது.

பழவேற்காட்டில் டச்சுக்காரர் கொடி பறந்த காலம். அவர்களுடைய வைத்தியர் நீட்டி முழக்கும் வியாதிப் பெயரையெல்லாம் தமிழில் உடைத்துச் சொல்வதுதான் கண்ணப்பனுக்கு வேலை. தன்னை விட்டால் ஆளில்லை என்று ஒரு மிதப்பு, கேட்கவா வேண்டும்!

“இன்னொரு தபா சொல்றேன், கேட்டுக்கோ. பல்லைப் புடிச்சிக்கினு கீற சதை ஈறு. அது அழுகிப் போச்சு. வேர்ல சீழ் கட்டிக்கீது. அது தாடை எலும்புல எறங்கிச்சின்னா உசுருக்கே உலை. அதான் முன்பல்லு ரெண்டையும் புடுங்கணும்ன்றாரு தொரை.”

“கடவாப் பல்லுன்னா எடுத்துக்கட்டும் சாமி. முன்பல்லு வேணாம்.” ராஜம்மா வீங்கின உதட்டை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

வைத்தியர் கண்ணப்பனின் வாயை விரலால் சுட்டி, அவளைக் காட்டி அவனிடம் ஏதோ சொன்னார்.

“தொரை இன்னா சொல்றாரு?”

“ஒண்ணுமில்ல. இம்மாம் அழகிக்கு வைத்தியம் எதுக்குன்றாரு!”

மறுபடி சிரிப்பு. ராஜம்மா அவன் வாயையே உற்றுப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள், சுற்றி நின்றவர்களைப் பார்த்துவிட்டு, எழுந்து போய்விட்டாள்.

வைத்தியர் கண்ணப்பனிடம் சொன்னது வேறு. ‘உனக்கும் இதே சீக்குதான், நீயும் பிடுங்கிக்கொள்ளப் போகிறாய் என்று அவளிடம் சொல். தைரியம் வரும்’ என்றார். அதைப் போய்ச் சொல்வானா? முன்பல் போனால் பேச்சில் காற்றுப் போகும். பேச்சு குழறுகிற துபாஷியை எவன் வைத்துக்கொள்வான்? வைத்தியர் கேட்கும்போதெல்லாம் ‘அடுத்த வாரம்’ என்று தள்ளிக்கொண்டே இருந்தான், மகராசன்.

மறுநாள் காலை ஒரு வேலையாக ஏரிக்கரைத் தோணிரேவுக்குப் போனான். ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் யாரோ ஒரு பொம்பளை குனிந்து நின்று, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி எறா பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் ஓலைப்பறியை முன்பல்லால் கடித்துப் பிடித்திருந்தாள்.

நிமிர்ந்தாள். ராஜம்மா!

கண்ணப்பன் அனுப்பம்பட்டில் நெல் விளைவிக்கிற வீட்டுப் பிள்ளை. எறா வறுவலைச் சப்புக்கொட்டித் தின்னத் தெரியுமே தவிர, அதை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

ஐயோ, இவளையா அத்தனை பேர் முன்னால் கிண்டல் பண்ணினோம்! வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. வேட்டி நனைவதைக்கூடப் பார்க்காமல் தண்ணீரில் இறங்கினான்.

“இதுக்குத்தான் வேணாம்னியா ராஜம்மா? நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா? நான் பாட்டுக்கு வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். மன்னிச்சுக்கம்மா.”

ராஜம்மா பறியை வாயிலிருந்து எடுத்தாள். கடித்த இடத்தில் ஓலை சிவந்திருந்தது.

“சொல்லத்தான் வாயெடுத்தேன் சாமி. ஆனா கோவத்துல, ‘தொரை ஒன் பல்லைக் காட்னாரே, ஒனக்கும் இதே சீக்குதானே, நீ ஏன் புடுங்கல?’ன்னு சேர்த்துக் கேட்டுடுவேனோன்னு பயமாப் போச்சு.”

கண்ணப்பன் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான்.

“அத்தினி பேரு எதிர்ல அதைக் கேட்டா ஒன் பொழப்பு இன்னாத்துக்கு ஆவும்? அதான் எழுந்து வந்துட்டேன். ஒனக்கும் எனக்கும் பல்லுலதானே சாமி சோறு!”