நீலப் புள்ளி

பை தூக்கும் ஆள் வேண்டாமென்று சொல்லிவிட்டதால், தன் தோள் தாங்கும் அளவுக்கு கோல்ஃப் பையைக் காலி செய்தார் கோபாலரத்தினம். குடை, மழைக்கோட்டு, எட்டு மட்டைகள் எல்லாம் வெளியே போயின. பந்து மட்டும் இரண்டு. சிவப்புப் புள்ளி வைத்தது அவருடையது. நீலப் புள்ளி, போன மாதம் செத்துப்போன நண்பர் தேவசகாயத்தினுடையது.

"தனியாவா சார்?" என்றார் கேட் காவலாளி.

"ரெண்டு பேர்."

இரண்டு பந்துகளையும் அவரே மாறி மாறி அடித்துக்கொண்டு நடந்தார். கடைசிக் குழிக்கு ஒரு சாண் தள்ளி நீலப் பந்து நின்றது. இவ்வளவு கிட்டே வந்துவிட்டால், விழுந்ததாகவே வைத்துக்கொள் என்று எதிராளி விட்டுக்கொடுப்பது வழக்கம். முப்பது வருடத்தில் ஒரு தடவைகூட தேவசகாயத்துக்கு அவர் விட்டுக்கொடுத்ததில்லை.

"அடிச்சே காட்டுடா" என்றது வாய், தன்னால். மட்டையை நீலப் பந்தருகே வைத்துவிட்டு, ஓரமாக நகர்ந்து நின்றார்.