மாடி அறைப் பாட்டுகள்

“சத்தமா படி. என் பொண்ணு எழுதினதை நான் கேட்க வேணாமா?” என்றார் அப்பா.

மதிய இடைவேளையில் வீட்டுக்கு ஓடி வந்திருந்தாள் பெரியவள். ஒரு கையில் அப்பாவின் தட்டு, மறு கையில் போன். அவள் தங்கை வெள்ளிக்கிழமைதோறும் தன் வலைப்பூவில் பிடித்த பாட்டு ஒன்றைப் போட்டு, அதோடு ஒட்டிய கோடை விடுமுறை நினைவு ஒன்றையும் எழுதுவாள். அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டுவது பெரியவளின் பொறுப்பு.

படித்தாள்.

“லீவு விட்டால் போதும், அக்கா என்னை மாடி அறைக்கு இழுத்துப்போய்க் கதவைச் சாத்துவாள். டேப் ரெக்கார்டரை முழுச் சத்தத்தில் வைப்பாள். கட்டில்தான் எங்கள் மேடை, சீப்புதான் மைக். கேசட்டின் ஒரு பக்கம் முடிந்து, அக்கா அதைத் திருப்பிப் போடும்வரைகூட நான் சும்மா இருக்க மாட்டேன். தொண்டை கிழியக் கத்திக்கொண்டு குதிப்பேன். அப்படி ஒரு கோடை இனி யாருக்கு வாய்க்கும்?”

கீழே இருபத்தேழு பின்னூட்டங்கள். ‘கொடுத்து வைத்த குடும்பம்’ என்றிருந்தார் ஒருவர். ‘உங்கள் பெற்றோருக்கு என் வணக்கம்’ என்றிருந்தார் இன்னொருவர்.

“அதெல்லாம் சரி. இதுல நான் எங்க வர்றேன்?”

“அடுத்த வாரம் வருவீங்கப்பா.”

“போன வாரமும் இதையேதான் சொன்னே.”

அவர் வாயைத் துடைத்துவிட்டு, பல்செட்டைக் கழற்றிக் கழுவி வைத்தாள். அவள் வேலை பார்க்கும் பல் கட்டும் கூடத்தில், அவளே அச்செடுத்து அவளே தேய்த்து மெருகேற்றிய செட் அது. அந்த வாய் ஒரு காலத்தில் என்னென்ன பேசியது என்று அவளுக்குத் தெரியும். கை செய்தது அதைவிட அதிகம்.

அப்பா பள்ளி வேன் ஓட்டியவர். பள்ளி மூடினால் அவருக்கும் வேலை கிடையாது. இரண்டு மாதம் முழுக்க வீட்டில்தான் இருப்பார். அம்மா வைத்த தண்ணீர் சூடாக இருந்தாலும் குற்றம், ஆறியிருந்தாலும் குற்றம். அவர் குரல் ஏறத் தொடங்கியதுமே, பதிமூன்று வயதுப் பெரியவள் ஆறு வயதுத் தங்கையை மாடிக்குக் கூட்டிப் போய்விடுவாள். கீழே அம்மா அடி வாங்கி முடிக்கும்வரை மேலே பாட்டு ஓடும். அக்கம்பக்கத்துக்குக் கேட்காமல் போவது வசதியாக இருந்ததால், பாட்டுச் சத்தத்தை மட்டும் அப்பா ஒருநாளும் அதட்டியதில்லை.

தங்கைக்கு எதுவும் தெரியக் கூடாது என்றுதான், அம்மா இறந்துபோன பிறகு, “அப்பா என்கூடவே இருக்கட்டும்” என்று முந்திக்கொண்டு சொன்னாள். ஆறு வருடமாகிறது. இப்போது அவரால் தட்டைக்கூடத் தூக்க முடியாது. ஆனாலும் பக்கத்து அறையில் அவர் செருமினால் இவள் தோள்கள் தாமாக ஒடுங்கிக்கொள்ளும். யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால், வெள்ளிக்கிழமைதோறும் தங்கை எடுத்துவைத்துக் கொஞ்சும் அந்தக் கோடை சுக்குநூறாகிவிடும்.

அன்று மாலை தங்கை போன் செய்தாள். “ஐம்பதாவது பதிவை நீதான்க்கா எழுதணும். நம்ம லீவு நாளைப் பத்தி நாலு வரி போதும். ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து வாங்கிக்கறேன்.”

சனிக்கிழமை முழுக்க அந்த நாலு வரியோடு மல்லுக்கட்டினாள். ‘நாங்கள் மிகவும் சந்தோஷமாக’ என்று எழுதியதும் கை நின்றுபோனது. அதை அடித்துவிட்டு உண்மையை எழுதினாள். உடனே பயந்துபோய்த் தாளைக் கிழித்துப் போட்டாள். “தண்ணி” என்றார் அப்பா. எழுந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்த தங்கை நாலு வரியைக் கேட்கவே இல்லை. அப்பா தூங்குகிறாரா என்று எட்டிப் பார்த்தாள். சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து அக்காவின் முன்னால் வைத்தாள்.

“முதியோர் இல்லத்துல இடம் சொல்லி வச்சிருக்கேன். போய்ப் பார்த்துட்டும் வந்துட்டேன், நர்ஸெல்லாம் இருக்காங்க. நீ ஒரு கையெழுத்துப் போட்டா ஒண்ணாம் தேதியே சேர்த்துடலாம்.”

ஆறு வருடமாகப் பெரியவள் வாய்விட்டுக் கேட்க முடியாமல் தவித்தது அது. ஆனால் சரி என்று தலையாட்டினால், ஏன் என்றும் சொல்ல வேண்டிவரும்.

“எதுக்குடி இப்போ? நான் உன்கிட்ட ஏதாவது குறைப்பட்டேனா?”

“நீ எப்பதான் குறைப்பட்டிருக்கே?”

“படிக்கறவங்க எல்லாம் நம்ம குடும்பத்தைத் தலையில தூக்கி வச்சுக்கற மாதிரி எழுதறே. எழுதிட்டு அப்பாவைக் கொண்டுபோய் விடலாம்ங்கறே. அவங்கெல்லாம் என்ன நினைப்பாங்க?”

“நாப்பத்தொம்பது பதிவு எழுதிட்டேன். அதுல அப்பாவைப் பத்தி ஒரு வரி இருக்காக்கா? எல்லாம் உன்னைப் பத்திதான்.”

பெரியவள் படிவத்தின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். அப்பா எழுந்துவிடுவாரோ என்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நீ அப்போ சின்னப் பிள்ளை, குட்டி. மாடியில பாட்டுக்கு ஆடிட்டு இருந்தே. உனக்கு ஒண்ணும் தெரியாது. தெரியவும் வேணாம்.”

தங்கை அவள் கையிலிருந்து படிவத்தை மெல்ல விடுவித்துவிட்டு, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கேசட்டைத் திருப்பிப் போடற நேரத்துல கீழ நடக்கறது எல்லாம் கேட்கும்க்கா.”