சீல் உடைக்காத டப்பா

"பிரேக் ஆயில் மாத்துறதா இருந்தா, சீல் உடைக்காத டப்பாவை என் கண் முன்னாடி திறந்து ஊத்துங்க," என்றார் கார்க்காரர். வெயிட்டிங் ஹாலில் உட்காரச் சொல்லியும் கேட்காமல், லிஃப்டில் ஏற்றியிருந்த தன் காருக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார்.

சர்வீஸ் அட்வைசருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். "எல்லாமே கம்பெனி ஆயில்தான் சார்," என்றார் பொறுமையாக.

"அப்போ மூலையில நிக்கிற அந்தப் பேரல் எதுக்கு? காலி டப்பாவை நிரப்பி மூடுறதுக்கா?"

அட்வைசரின் முகம் சுருங்கிப் போனது. ஸ்டோருக்குப் போய்ப் புது டப்பா எடுத்து வந்தார். கார்க்காரர் அதை வாங்கி, மூடியைச் சுற்றி நகத்தால் கீறிப் பார்த்த பிறகுதான் தலையசைத்தார்.

"இவ்வளவு விவரம் எந்த கஸ்டமருக்கும் தெரியாது. சார் என்ன வேலை பாக்குறீங்க?"

கார்க்காரர் கொஞ்சம் தயங்கினார். "பைபாஸ் ரோட்ல இதே கம்பெனியோட இன்னொரு ஷோரூம் இருக்குல்ல, அங்க சர்வீஸ் மேனேஜர். இது என் பொண்டாட்டி பிள்ளைங்க போற வண்டி. அதான் இங்க கொண்டு வந்தேன்."

அட்வைசர் நிமிர்ந்து பார்த்தார்.

"நானும் அப்படி நினைச்சுத்தான் சார், என் பொண்ணோட வண்டியை நேத்து உங்க ஷோரூம்ல விட்டு எடுத்தேன். காலையிலதான் மலைப்பாதையில கிளம்பிப் போனா."

நேற்று தன் ஷோரூமுக்கு வந்த அத்தனை வண்டிக்கும் பேரலில் இருந்த மட்டமான ஆயிலை ஊற்றச் சொன்னவர் மேனேஜர்தான்.

"உடனே போன் போடுங்க," என்றார். "வண்டியை ஓரமா நிறுத்தச் சொல்லுங்க."