பஸ் போகாத ஊர்

“ஒரே ராத்திரியில கம்பி வேலியப் போட்டுட்டாங்கடி. காலையில எந்திரிச்சா அக்கா அந்தப் பக்கம், தங்கச்சி இந்தப் பக்கம். அப்பறம் செவுரே எழுப்பிட்டாங்க.”

“அடப்பாவிகளா! எம்புட்டு நாளு?”

“இருபத்தெட்டு வருசம்.”

நிலக்கோட்டையிலிருந்து திண்டுக்கல் போகும் பேருந்து மத்தியான வெயிலில் தொட்டிலாக ஆடியது. மல்லிகைக் கூடையைக் கட்டிக்கொண்டு கண் சொருகிக் கிடந்த சூசைராஜின் காதில், முன் சீட்டுப் பெண்களின் பேச்சு பாதிக் கனவாக விழுந்தது.

அவன் வீட்டு முற்றத்திலும் ஒரு சுவர் உண்டு. அந்தப் பக்கம் அண்ணன் அருளப்பன். பேச்சு நின்று பதினோரு வருஷம். அன்றிலிருந்து இரண்டு பக்கமும் சாப்பிட்டு வந்தது காக்கை மட்டும்தான். நாளைக் காலை அருளப்பன் வீட்டைக் காலி செய்துகொண்டு திருப்பூருக்கு, மகளோடு இருக்கப் போகிறார்.

“பெறகு எப்பிடி இடிஞ்சுச்சு?”

“ஒரு பெரிய மனுசன் காயிதத்தப் பாத்து, ‘இப்பவே போகலாம்’னு வாய்தவறிச் சொல்லிட்டாரு. அம்புட்டுத்தான். ஆளுக்கொரு சுத்தியலோட சனம் செவுத்து மேல ஏறிருச்சு. கட்டிப் பிடிச்சு ஒரே அழுக!”

மூடிய கண்ணுக்குள் அந்த ஊர் தெரிந்தது. சுவரின் மேல் சூசைராஜும் நின்றான். மேலிருந்து மல்லிகையாகக் கொட்டியது.

பூவை மார்க்கெட்டில் போட்டுவிட்டு நேரே வீட்டுக்குப் போய்க் கடப்பாரையை எடுத்தான். மூன்றாவது இடிக்கு, அந்தப் பக்கமிருந்தும் ஓர் இடி கேட்டது. நான்காவதில் ஓட்டை விழுந்தது. ஓட்டையில் அருளப்பனின் மீசை தெரிந்தது.

“ஏன்டா, இதுக்கு இம்புட்டு நாளா?”

“ஒரு ஊர்ல இருபத்தெட்டு வருசம் கழிச்சுச் சேந்துட்டாங்களாம்ண்ணே. நமக்குப் பதினொண்ணுதான?”

“எந்த ஊருடா?”

“கேக்காம எறங்கிட்டேன்.”

அருளப்பன் கண்ணைத் துடைத்தார். “அந்த ஊர ஒருவாட்டி பாக்கணும்டா. பாக்காம நான் திருப்பூரு போறதா இல்ல.”

மறுநாள் அதே பேருந்தில் அண்ணனும் தம்பியும் ஒரே சீட்டில் வந்தார்கள். முன்னால் அதே குரல்கள். சூசைராஜ் எழுந்து போய் ஆளுக்கு ஒரு முழம் பூவை நீட்டினான்.

“தாயி, நேத்து செவுரு இடிச்ச கதை சொன்னீகளே, அது எந்த ஊரு?”

மடியில் விரித்த புத்தகத்திலிருந்து நிமிர்ந்தாள் ஒருத்தி.

“பெர்லின்ண்ணே, ஜெர்மனியில. வரலாறு பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டு வந்தோம்.”

சூசைராஜ் தன் இடத்துக்குத் திரும்பினான்.

“எந்த ஊராம்டா?” என்றார் அருளப்பன் ஆவலாக.

“ஒட்டன்சத்திரம் தாண்டியாம்ண்ணே. பஸ்ஸு கெடையாது. நாம போறதுக்குக் கொஞ்ச வருசமாகும்.”