சுருள் பிரியாத கயிறு

வெள்ள மீட்புப் பயிற்சியில் தொண்டர்கள் காப்பாற்றிப் பழகுவதற்கென்று ஒரு வைக்கோல் பொம்மை இருந்தது. தவசி மட்டும் அதைக் குளத்திலிருந்து இருபது தடவையாவது கரை சேர்த்திருப்பான். ஒவ்வொரு தடவையும் இடுப்பில் கயிற்றைக் கட்டி, முடிச்சை இழுத்துப் பார்த்த பிறகுதான் தண்ணீரில் கால் வைப்பான்.

நிஜ வெள்ளம் வந்து வடிந்தது. யாரோ கயிற்றைக் கொண்டுவந்து பொம்மைக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுப் போனார்கள்.

“என்ன, சுத்தின சுருள்கூடப் பிரியலையே! தவசி எங்கே?” என்றது பொம்மை.

“அவன் அக்கா தண்ணிக்குள்ள இருந்து கத்தினா. என்னைக் கரையிலேயே போட்டுட்டுக் குதிச்சிட்டான். ரெண்டு பேருமே போயிட்டாங்க” என்றது கயிறு.

பொம்மையால் நம்ப முடியவில்லை. “என்னைக் காப்பாத்துறப்போ ஒரு தடவைகூட அவன் உன்னை மறந்ததில்லையே?”

கயிறு சொன்னது:

“நீ ஒரு தடவைகூடக் கத்தினதில்லையே.”