மழை அலாரம்

"தம்பி, வானத்துல ஒரு பொட்டு மேகம் இருக்குதான்னு அவருகிட்ட கேளுங்க."

தையல்நாயகி சொன்ன அந்த 'அவர்' பக்கத்திலேயே, மோட்டார் ஷெட் கதவில் சாய்ந்து நின்றிருந்தார். அவள் கணவர் சக்கரபாணி.

போன மாதம் வானூரில் அவள் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அவர் போகவில்லை. அன்றிலிருந்து அவள் அவரோடு பேசுவதில்லை. எது சொல்வதானாலும் மூன்றாம் ஆள் வழியாகத்தான். இன்று அந்த வேலை, மழை அலாரப் பெட்டியைப் பழுதுபார்க்க முதன்முறையாக வந்திருந்த சார்லஸின் தலையில் விழுந்தது.

"மேகம் இல்லதான், சொல்லிடுங்க தம்பி" என்றார் சக்கரபாணி.

ஷெட் கூரையில் இருக்கும் சென்சார் தகட்டில் தண்ணீர் பட்டால் போதும். சுவரில் இருக்கும் பெட்டி சைரனை அலறவிடும். சக்கரபாணியின் போனுக்கும் அழைப்பு போகும். உப்பளத்து ஆட்கள் ஓடிவந்து உப்புக் குவியலைத் தார்ப்பாயால் மூடுவார்கள். இரண்டு வாரமாகக் கொளுத்துகிற வெயிலிலும் அது அலறிக்கொண்டிருந்தது. அவர்களில் ஓடி அலுத்துப்போன பாப்பாத்தி, இனிமேல் நிஜ மழையே வந்தாலும் எழுந்திருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அப்படி ஒரு மழை வந்தால் இந்த சீசன் உப்பு மொத்தமும் கரைந்துவிடும்.

சார்லஸ் அலாரத்தை நிறுத்திவிட்டு ஏணியில் ஏறினான். தகட்டில் படிந்திருந்த உப்பைத் துடைத்தான். வயர்களை இழுத்துப் பார்த்தான். கீழே வந்து பெட்டியின் அளவுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. அலாரத்தை மறுபடி போட்டான்.

"ஒண்ணும் புரியலக்கா. மொத்தமா ரீசெட் பண்ணிடுறேன். உள்ள இருக்கிறது எல்லாம் அழிஞ்சிடும், புதுசா செட் பண்ணிக்கலாம்."

"பண்ணிடுங்க" என்றாள் தையல்நாயகி.

"வேணாம்" என்றார் சக்கரபாணி.

"பெட்டி மேல இருக்கிற பாசம் மச்சான் மேல இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்னு சொல்லுங்க தம்பி."

சார்லஸ் அதைச் சொல்லவில்லை. பெட்டியின் பொத்தானை நோக்கி விரலை நீட்டினான். சக்கரபாணி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பெட்டி நல்லாதான் இருக்குது தம்பி. நான்தான் அப்பப்போ ஏறித் தண்ணி ஊத்துறேன்."

தையல்நாயகிக்குத் தன் சபதமே மறந்துபோனது.

"உங்களுக்கு என்னா பைத்தியமாங்க? இந்த வெயில்ல அதுங்க எப்படி விழுந்தடிச்சு ஓடி வருதுங்க. எதுக்குங்க இந்த வேலை?"

அவர் தண்ணீர் பாட்டிலோடு ஏணியில் ஏறி, தகட்டின் மேல் சாய்த்தார். சைரன் அலறியது. தூரத்தில் பாப்பாத்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சார்லஸ் சைரனை நிறுத்தினான். சக்கரபாணியின் சட்டைப்பையில் போன் அடித்தது. இறங்கி வந்து, அதை ஸ்பீக்கரில் போட்டு மனைவியிடம் நீட்டினார்.

பெட்டியை மாட்டிய நாளில், அன்று வந்த மெக்கானிக் கேட்டுக்கொண்டதற்காக வெட்கத்தோடு அவளே பதிவு செய்து கொடுத்த குரல் அதில் கூப்பிட்டது:

"என்னாங்க, மழை வருது. சீக்கிரம் வாங்க."